பாயை விட்டு எழுந்திரு

அப்பா போன பிறகு அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் பார்க்கும்போது தலை சாயும், மெல்லிய குறட்டைகூட வரும். "பாயைப் போட்டுப் படும்மா" என்று எழுப்பினால், தலையணையில் தலை வைத்த மறுநிமிடம் கண் திறந்துகொள்ளும். பகலெல்லாம் வாய் திறக்காத கவலைகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வரும். மருத்துவமனையில் கடைசி நாள் கேட்காமல் விட்ட கேள்வி, அடகில் இருக்கும் வளையல், தங்கையின் பிரசவம்.

நாற்காலியில் வரும் தூக்கம் பாயில் ஏன் வருவதில்லை? அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் முன்வைத்த முறை இதற்கு ஒரு விடை தருகிறது. புரண்டு கிடந்த இரவுகள் சேரச் சேர, படுக்கையும் விழிப்பும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. சோற்றுக்கு முன் கேட்டுப் பழகிய ஓசைக்கே பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறியதுபோல, தலையணையைத் தொட்டதுமே மனம் ஓடத் தொடங்குகிறது. இந்த முடிச்சை அவிழ்க்க அவர் சொன்ன விதிகள் எளியவை. கண் சொக்கும்போது மட்டும் படு. படுக்கையில் படிக்காதே, சாப்பிடாதே, கவலைப்படாதே. பத்து நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ, மறுபடி கண் சொக்கினால்தான் திரும்பி வா. எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழு. பகலில் தூங்காதே.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மனத்தோடு மல்லுக்கட்டச் சொல்லாததுதான். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொன்னால் அதுவே திரும்பத் திரும்ப வந்து நிற்கும் என்பதை டேனியல் வெக்னர் 1987இல் சோதனை வழியே காட்டினார். "எதையும் நினைக்காம படு" என்று நாம் அன்போடு சொல்வதும் அந்தக் கரடியைத்தான் அழைத்து வருகிறது. படுக்கையில் கவலை வந்தால் பூட்சின் உடம்பிடம்தான் பேசுகிறார்: எழுந்திரு, நகர். அது யாராலும் முடியும், காசும் ஆகாது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே நடத்தைச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அந்தச் சிகிச்சையின் தூண்களில் ஒன்று பூட்சினின் இந்த முறை. தெரிந்தவர் சொன்னார் என்று அல்பிரசோலம் மாத்திரை வாங்கிப் போட்டு, பிறகு அதை விட முடியாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாராவது முதலில் இதைச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் "வேறு அறைக்குப் போ" என்ற சொல்லில்தான் எனக்கு இடறுகிறது. எந்த அறைக்கு? எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. ஹாலில் அம்மாவும் பிள்ளைகளும் வரிசையாகப் படுத்திருப்பார்கள். எழுந்து விளக்கைப் போட்டால் நாலு பேர் விழிப்பார்கள். ஆணாக இருந்தால் மொட்டை மாடிக்குப் போய் உட்காரலாம். நடுச்சாமத்தில் ஒரு பெண் கதவைத் திறந்தால் "என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா?" என்று வீடே கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் வந்த தூக்கமும் போய்விடும். அம்மாவுக்கு மிஞ்சியது சமையலறை. ஒருநாள் இரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தேன். கறிவேப்பிலை ஆய்ந்து முடித்து, புளியை ஊறப்போட்டு, மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அமைதியாக உட்காரத்தான் போனார். அந்த இடம் அவரை வேலைக்கு இழுத்துவிட்டது. கவலையும் கூடவே நின்றுகொண்டிருந்தது.

இன்னொரு குறை விதிக்குள்ளேயே இருக்கிறது. பத்து நிமிடம் ஆயிற்றா என்று தெரிய வேண்டுமானால் கடிகாரம் பார்க்க வேண்டும். ஓடும் மனத்துக்கு அது இன்னொரு தீனி. பின்னால் வந்த சிகிச்சையாளர்கள் பதினைந்து, இருபது நிமிடம் என்று தளர்த்தினார்கள். உத்தேசமாகப் பார்த்தால் போதும், கடிகாரம் வேண்டாம் என்றும் சொன்னார்கள். முதல் சில நாட்களில் தூக்கம் இன்னும் குறையவும் செய்யும். விடிந்ததும் வண்டி ஓட்டுபவருக்கும், இருட்டில் எழுந்தால் தடுமாறும் முதியவருக்கும் இது விளையாட்டல்ல. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுபவரிடம் "ஒரே நேரத்தில் எழு" என்று எப்படிச் சொல்வது? அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் 2021 வழிகாட்டுதலும், பல கூறுகள் சேர்ந்த முழுச் சிகிச்சையை உறுதியாகவும், பூட்சினின் முறையைத் தனியாக நிபந்தனையோடும்தான் பரிந்துரைக்கிறது.

அப்படியென்றால் இதில் எதை வைத்துக்கொள்வது? பாயில் படுத்த தலைமுறை இரண்டாவது விதியைத் தெரியாமலே கடைப்பிடித்தது. விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால் பகலில் படுக்கை என்ற ஒன்றே கிடையாது. கட்டில் வந்த பிறகு அதன்மேல் துணி மடிக்கிறோம், பிள்ளையின் வீட்டுப்பாடம் பார்க்கிறோம், ஆபீஸ் போன் பேசுகிறோம், நள்ளிரவுவரை செல்போனைத் தேய்க்கிறோம். கட்டில் உள்ள வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். இடம் இல்லாத வீட்டுக்கு அறை மாறுவதைவிட இதுதான் கைக்கு எட்டுகிறது.

நள்ளிரவுக்கும் ஒரு வழி இருக்கிறது. எண்பதுகளில் ஆய்வாளர்கள் பூட்சினின் முறையைச் சற்று மாற்றிப் பார்த்தார்கள். படுக்கையை விட்டுப் போகாமல், அங்கேயே எழுந்து உட்கார்ந்து, பரபரப்பில்லாத எதையாவது செய்யச் சொன்னார்கள். அதற்கும் ஓரளவு பலன் இருந்தது. இடம் மாறுவதைவிட, தூக்கத்தைத் துரத்திக்கொண்டு படுத்தே கிடப்பதை நிறுத்துவதில்தான் பாதிக் குணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றக் காரணம் இதுதான்.

இப்போது அம்மாவின் பாயைச் சுவரோரம் மாற்றிவிட்டோம். தூக்கம் வராவிட்டால் எழுந்து சுவரில் சாய்ந்து உட்காருகிறார். ஜீரோ வாட் பல்பு எரியும். மடியில் பஞ்சுப் பொதி. இரண்டு விரலால் கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, விளக்குக்குத் திரி திரிப்பார். அறுபது வருடம் பழகிய கைக்கு வெளிச்சமும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். ஆரம்பத்தில் காலையில் டப்பாவைத் திறந்தால் முப்பது திரி இருக்கும். நேற்று ஐந்து இருந்தது, ஐந்தாவது பாதியில் நின்றிருந்தது.