ஏழடி அகலத்தில் ஒரு காதல்

கேட்டி ஃபோர்டின் ‘லைஃப் ஸ்கில்ஸ்’ (1999) நாவலை வெறும் காதல் கதையாகப் படித்தால் பெரிசா ஒன்றுமில்லை. ஜூலியா நல்ல வேலையை விடுகிறாள். நிச்சயம் செய்த ஆஸ்கரையும், கூடவே அவனுடைய பொல்லாத அம்மாவையும் லாப்ரடார் நாயையும் விடுகிறாள். இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஹோட்டல் படகுகளில் சமையல் வேலைக்குச் சேர்கிறாள். சின்ன வயதுக் கசப்பை நினைவூட்டும் ஃபெர்கஸ் வந்து நின்றதுமே மிச்சக் கதை நமக்குத் தெரிந்துவிடும்.

ஆனா படகு விஷயம் வேற. ஒன்றல்ல, ஜோடிப் படகு. முன்னதில் எஞ்சின் உண்டு. பின்னதில் கிடையாது, அதைப் ‘பட்டி’ என்பார்கள். படகு மேடு ஏறி இறங்க ‘லாக்’ என்ற கதவுத் தொட்டிகள் இருக்கின்றன. உள்ளே தண்ணீரை நிரப்பினால் படகு உயரும், வடித்தால் இறங்கும். பல கால்வாய்களில் இந்தத் தொட்டியின் அகலமே சுமார் 7 அடி. ஒரு தடவைக்கு ஒரு படகுதான் நுழையும். எஞ்சின் படகு போன பிறகு, பட்டியைக் கயிறு கட்டி ஆள்தான் இழுக்கணும். லாக்குகள் வரிசையா வந்தால் யோசித்துப் பாருங்கள், அடுப்பில் பயணிகளுக்கான சாப்பாடு வேறு கொதிக்கிறது!

ஃபோர்டும் கணவரும் இப்படிப் படகு ஹோட்டல் நடத்தியவர்கள்தான். பிடிக்காத இரண்டு பேரை ஒரே இடத்தில் அடைத்து வைக்க இந்த மாதிரிக் கதைகள் மழை, பழுதான லிஃப்ட் என்று எதையாவது தேடும். இங்கே கால்வாயே அதைச் செய்துவிடுகிறது. மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது. கோபித்துக்கொண்டு எங்கே போவது?

என் சங்கடம் வேறு. 19ஆம் நூற்றாண்டில் ரயில் போட்டியால் சரக்குக் கூலி விழுந்தபோது, படகுக்காரர்கள் பலர் ஆள் வைக்க முடியாமல் மனைவி பிள்ளைகளைப் படகிலேயே ஏற்றினார்கள். சுமார் 10 அடி நீள அறைக்குள் மொத்தக் குடும்பமும். எத்தனை பேர் தங்கலாம் என்று சொல்ல 1877இல் சட்டமே வர வேண்டியிருந்தது. ஜூலியா சுதந்திரம் தேடி வரும் படகை விட்டுப் போக அந்தப் பெண்களுக்கு வேறு வீடே இல்லை. ஜாலியான நாவலிடம் இதையெல்லாம் கேட்கலாமா? கேட்கலாம்னுதான் தோணுது. உழைப்பை இவ்வளவு நெருங்கி வந்த புத்தகம் இன்னும் ஓரடி வைத்திருக்கலாம்.

எம்மா ஸ்மித்தின் ‘மெய்டன்ஸ் ட்ரிப்’ (1948) அந்த அடியை வைக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சரக்குப் படகு ஓட்டப் போன மூன்று இளம்பெண்களின் கதை. பரம்பரைப் படகுக் குடும்பங்களும் வருகிறார்கள், சிரிப்புக்கும் குறைவில்லை. ஃபோர்டை முடித்த கையோடு அதையும் எடுங்கள்.