பேராயர் சதொலேத்தோ: ஒரு மறுமதிப்பீடு

திருச்சபை வரலாற்று வகுப்புகளில் யாக்கப்போ சதொலேத்தோவின் பெயர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வருகிறது. 1539இல் ஜெனீவா மக்களை ரோமாபுரிச் சபைக்குத் திரும்ப அழைத்துக் கடிதம் எழுதினார். கால்வினின் மறுமொழி அவரை வாயடைத்தது. இவ்வளவோடு அவரை விட்டுவிடுகிறோம். இது அவருக்கு நீதியன்று. கால்வினை அறிவதற்கும் உதவாது.

1477இல் மொதெனாவில் பிறந்த சதொலேத்தோ, தம் இலத்தீன் புலமையினால் 1513இல் போப்பு பத்தாம் லியோவின் செயலாளரானார். 1517இல் கார்பாந்திராவின் பேராயராக நியமிக்கப்பட்டார். மந்தையின் முகத்தைக் காணாமலே அதன் வருமானத்தை அனுபவித்த பேராயர்கள் மலிந்திருந்த காலம் அது. அவரும் முதற் பத்தாண்டுகளில் பெரும்பாலும் ரோமாபுரியிலேயே இருந்தார். ஆனால் 1527இல் அரண்மனை வாழ்வை விட்டுத் தம் மக்களிடையே சென்று தங்கினார். கர்தினாலான பின்னும் அம்மறைமாவட்டத்தின் மீது அவருக்கிருந்த பற்றுக் குறையவில்லை.

1536இல் போப்பு மூன்றாம் பவுல் அமைத்த சீர்திருத்தக் குழுவில் கொந்தரீனி, போல் முதலியோருடன் அவரும் இடம்பெற்றார். 1537இல் அக்குழு அளித்த அறிக்கை அஞ்சாநெஞ்சுடையது. தகுதியற்றோருக்குக் குருப்பட்டம் வழங்குதல், சபைப் பதவிகளை விலைபேசுதல், பேராயர் தம் மந்தையைவிட்டு அகன்றிருத்தல் ஆகியவற்றை அது கண்டித்தது. போப்பின் அதிகாரத்திற்கு எல்லையில்லை என்ற முகத்துதியே இவற்றின் ஊற்று என்றும் சுட்டிற்று. ஆயினும் லூத்தர் 1538இல் அதை ஏளன முகவுரையுடன் ஜெர்மானிய மொழியில் வெளியிட்டார். அறிக்கை ஒழுக்கக்கேட்டைத் தொட்டது, உபதேசத்தைத் தொடவில்லை.

இக்குறையே ஜெனீவாக் கடிதத்திலும் வெளிப்படுகிறது. இருவர் தேவனுடைய நியாயாசனத்தின் முன் நிற்பதாக அதில் சதொலேத்தோ சித்திரிக்கிறார். ஒருவர் முன்னோரின் சபையில் நிலைத்தவர்; மற்றவர் அதைப் பிரிந்தவர். பிரிந்தவர் எதைச் சொல்லித் தப்புவார் என்று வினவுகிறார். ஸ்திராஸ்பூர்க்கில் நாடுகடந்து வாழ்ந்த கால்வின் அந்த நியாயாசனத்தை விட்டு விலகவில்லை. அங்கேயே நின்று, தம்மைத் துரத்திய நகரத்தாருக்காகவும் வாதாடினார். சதொலேத்தோ சபைக்குத் தந்த வரையறையில் தொன்மையும் ஒருமையும் ஆவியானவரும் இருக்க, தேவவசனம் விடுபட்டிருப்பதை எடுத்துக்காட்டினார். வாதத்தின் உயிர்நிலை இதுவே.

வேறொன்றையும் நாம் மறக்கலாகாது. 1535இல் சதொலேத்தோ வெளியிட்ட ரோமர் நிருப விளக்கவுரையை, கிருபையைக் குறைத்து மனித முயற்சியை உயர்த்துகிறது என்று ரோமாபுரித் தணிக்கையாளரே தடுத்தனர். நற்குணமும் கல்வியும் மேய்ப்புப் பணியில் அக்கறையும் ஒருங்கே பெற்ற அவர், பவுலின் உபதேச மையத்தில் தடுமாறினார். அவர் குறைவு இதயத்தில் அன்று, இறையியலில்.

எனினும் அவர் எழுப்பிய வினா நம்மை இன்றும் எதிர்கொள்ளுகிறது. வசனத்தின் பெயரால் பிரிந்த நாம், பின்னர்ப் பதவிக்காகவும் சொத்துக்காகவும் பிரிந்திருக்கிறோம். அப்பிரிவுகளுக்கு அந்த நியாயாசனத்தின் முன் நாம் கூறப்போகும் மறுமொழி யாது? கால்வினின் விடையை அவற்றுக்கு இரவல் வாங்க முடியாது. சபை விதிகளைத் திருத்துவதே சீர்திருத்தம் என்று எண்ணும்போதோ, சதொலேத்தோ நின்ற இடத்திலேயே நாமும் நிற்கிறோம். இறையியல் மாணவர் இரு கடிதங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். முதலில் சதொலேத்தோவின் கடிதத்தை வாசிப்பது நலம்.