வழக்கும் வீடும்: ஈழப் புலம்பெயர் எழுத்தில் குடும்பம்

இருபத்தோராம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கியத்துக்குப் புலம்பெயர்ந்தவர்களே தலைமை தாங்குவார்கள் என்று ஈழ எழுத்தாளர் எஸ்.பொ. அடித்துச் சொன்னார். இந்திரா பார்த்தசாரதியோடு சேர்ந்து அவர் தொகுத்த ‘பனியும் பனையும்’ 1994இல் வெளிவந்தது. சொன்னவர் எஸ்.பொ. என்பதால் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தலைமை வந்து சேர்ந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று. 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்தபோது தெருவுக்கு வந்தவை முழுக் குடும்பங்கள். பள்ளிக்கூடங்களில் அமைந்த அகதி முகாம்களில் தங்கி, ‘லங்கா கல்யாணி’ போன்ற கப்பல்களில் காங்கேசன்துறை வந்து இறங்கியவையும் குடும்பங்கள்தாம். ஆனால் பின்னால் வந்த புனைவைத் திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் தனி ஆண்களையே பார்க்கிறோம்.

காரணம் எளிது. காணியை ஈடு வைத்தோ நகையை விற்றோ, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்குக் கட்ட முடிந்தது ஒருவருக்கான காசு மட்டுமே. ஆயுத இயக்கமோ இராணுவமோ பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற வயதில் இருந்த பையனே முதலில் அனுப்பப்பட்டான். எண்பதுகளின் நடுப்பகுதி வரை மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கே போய் ‘அசூல் அடிக்கிற’, அதாவது அகதித் தஞ்சம் கேட்கிற, வழி திறந்திருந்தது. அது அடைபட்டதும் வேறு வழிகள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். அவர்கள் கப்பலேறியது மேற்கு ஜெர்மனியில். அப்படிப் போய்ச் சேர்ந்த பையன்கள் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்தார்கள், உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். இரவில் பத்திரிகை நடத்தினார்கள். ஜெர்மனியில் ‘தூண்டில்’, நார்வேயில் ‘சுவடுகள்’, ஹாலந்தில் ‘அ ஆ இ’, பாரிஸில் ‘எக்ஸில்’, டொரன்டோவில் ‘காலம்’. பெரும்பாலானவை நின்றுபோயின. ‘காலம்’ ஆசிரியர் செல்வம் அருளானந்தம் தாம் முன்பு வாழ்ந்த பாரிஸ் அறை வாழ்க்கையைச் சிரிக்கச் சிரிக்க எழுதிய ‘எழுதித்தீராப் பக்கங்கள்’ இந்தக் காலத்துக்குக் கிடைத்த ஆகச் சிறந்த ஆவணம் என்பேன். அதில் குடும்பம் கடிதமாக வருகிறது. காசு கேட்டு வருகிறது. தங்கச்சியின் சீதனமாக வருகிறது.

இந்த எழுத்தின் வடிவத்தைத் தீர்மானித்த இன்னொன்றை விமர்சகர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை. வந்து இறங்கிய ஒவ்வொருவரும் முதலில் எழுதியாக வேண்டிய கதை அகதி விண்ணப்பம். ஊர், பிறந்த தேதி, கைதான தேதி, அடி வாங்கிய முகாம், தப்பிய வழி எல்லாம் வரிசையாக, முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்க வேண்டும். நடந்ததை அப்படியே சொன்னால் எடுபடாது என்று லோயர் சொல்வார். எடுபடும்படி சொல்ல ஏஜென்சி சொல்லிக்கொடுத்திருக்கும். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) இப்படியொரு விண்ணப்பத்தோடுதான் தொடங்குகிறது. அதிகாரிக்காக எழுதிய அந்த மொழியில் உண்மையும் புனைவும் எங்கே பிரிகின்றன என்ற கேள்வி அவருடைய பிற்கால எழுத்து முழுவதையும் துரத்துகிறது. ஷோபாசக்தி வித்தைக்காரர், வாசகனை ஏமாற்றுகிறார் என்று குறை சொல்பவர்கள், அந்த வித்தையை அவர் எந்த அலுவலகத்தில் கற்றார் என்று யோசிப்பதில்லை.

அவர் முதன்மை வேடத்தில் நடித்து, ழாக் ஓடியார் இயக்கிய ‘தீபன்’ படம் 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்றது. அதன் தொடக்கத்தில் ஒரு பெண், முகாமில் கூடாரம் கூடாரமாகப் போய்த் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை யாராவது உண்டா என்று விசாரிக்கிறாள். இறந்துபோன மூன்று பேரின் கடவுச்சீட்டு கையில் இருக்கிறது. அதற்குப் பொருந்துகிற வயதில் ஒரு சிறுமி வேண்டும். முன்பின் அறியாத மூவர் பிரான்சில் கணவன், மனைவி, மகள் என்று இறங்குகிறார்கள். விசாரணையில் அவன் ஒப்பிக்கும் கதையைக் கேட்டதுமே, இது ஏஜென்சிக்காரன் தந்த கதை என்று தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்துவிடுகிறது. படத்தின் துப்பாக்கிச் சண்டை முடிவு எனக்கு ஒட்டவில்லை. ஆனால் அகதிச் சட்டத்தின் கண்ணில் குடும்பம் என்பது காகிதத்தில் நிரூபிக்க வேண்டிய ஒன்று என்பதை இத்தனை கூர்மையாகத் தமிழ் நாவல் எதுவும் சொன்னதாக நினைவில்லை.

நிஜக் குடும்பங்களுக்கும் அதே சோதனைதான். அகதி வழக்கு வென்று வதிவிட கார்ட் கிடைத்தவன் ஊருக்குத் திரும்ப முடியாது; சென்னையிலோ சிங்கப்பூரிலோ கல்யாணம். பிறகு மனைவியை அழைத்துக்கொள்ள ஸ்பொன்சர். தூதரகத்தில் ஆல்பத்தை விரித்து வைத்து, தாலி கட்டியபோது பக்கத்தில் நிற்பது யார் என்று பெண்ணைக் கேட்பார்கள். கணவன் தன் வழக்கில் சொன்ன தேதியும் அவள் சொல்லும் தேதியும் ஒத்துப்போக வேண்டும். இதெல்லாம் முடிந்து வந்து சேர்பவளுக்குக் கிடைப்பது, அவனுடைய இரண்டு வேலைகளுக்கு நடுவே ஒரு நிலவறை வீடு. இந்தக் கட்டத்தை எழுதியவர்கள் பெண்கள். லண்டனிலிருந்து ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம் 1983க்கு முன்பே தொடங்கிவிட்டார். நார்வேயின் ‘சக்தி’ இதழ், கனடாவில் சுமதி ரூபனின் ‘உறையும் பனிப்பெண்கள்’ தொகுப்பு ஆகியவற்றில் பனிக்குளிரைவிட வீட்டுக்குள் நிலவும் மௌனம் கொடியதாக இருக்கிறது. நம் சிற்றிதழ்கள் இவற்றைப் ‘பெண் எழுத்து’ என்று தனித் தட்டில் வைத்துவிட்டு, களமுனை நாவல்களுக்கு அட்டைப்படம் கொடுத்தன. போர் பெரிய பொருள், சமையலறை சிறிய பொருள் என்ற பழைய கணக்குதான் இது.

விதிவிலக்காக நிற்பது தேவகாந்தனின் ‘கனவுச்சிறை’. நயினாதீவில் கால் ஊன்றி, 1981 முதல் இருபது ஆண்டுகளை ஐந்து பாகங்களில் விரிக்கும் இந்த நாவலில் குடும்பங்கள் உடைந்து இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சிதறுகின்றன. போனவர்களை மட்டும் பின்தொடராமல், இருந்துவிட்டவர்களின் காத்திருப்புக்கும் சம இடம் தருகிறது. நீளம் அதிகம், சில பகுதிகளில் அரசியல் வகுப்பு எடுக்கிறது. ஆனாலும் இந்தத் துறையில் முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கனடாவைப் பேசிவிட்டு மண்டபம் அகதி முகாமை மறப்பது தமிழ்நாட்டு வாசகருக்கு வழக்கம். காசு கட்ட வழியில்லாத குடும்பங்கள் குடும்பமாகவே படகேறி வந்தது இங்கேதான். 1990இல் வந்த தொ. பத்திநாதன் எழுதிய ‘போரின் மறுபக்கம்’ 2007இல் வெளியானது. பதிவு, கணக்கெடுப்பு, உதவித்தொகை, கியூ பிரிவு போலீஸ் விசாரணை என்று முகாம் வாழ்க்கையின் அன்றாடம் அதில் இருக்கிறது. முகாம்களுக்கு 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே கல்யாணம் முடித்தவர்களில் பலரும் சட்டப்படி இன்னும் இந்தியக் குடிமக்கள் அல்லர். நம் புலம்பெயர் இலக்கியப் பட்டியல்களில் பத்திநாதன் பெயர் பெரும்பாலும் கடைசியில் வரும், அல்லது வராது.

குடும்ப நாவல் இப்போது ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. 2010இல் 492 பேரோடு கனடாவை அடைந்த ‘சன் சீ’ கப்பலை வைத்து ஷரன் பாலா ‘த போட் பீப்பிள்’ எழுதினார். அதில் தடுப்புக்காவலில் தகப்பனும் ஆறு வயது மகனும் பிரிக்கப்படுகிறார்கள். 2019இல் சிட்னியில் மேடையேறிய எஸ். சக்திதரனின் ‘கவுன்டிங் அண்ட் கிராக்கிங்’ நாடகம் கொழும்பிலிருந்து சிட்னி வரை ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறைகளைக் கொண்டுவந்தது. வி.வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ 2024இல் பெண் எழுத்தாளர்களுக்கான பிரிட்டிஷ் பரிசை வென்றது. இவற்றில் பலவும் விசாரித்தும் ஆவணம் தேடியும் கட்டப்பட்டவை. பெற்றோர் அதிகாரியிடம் சொன்ன கதை கோப்பில் கிடக்கிறது. பிள்ளைகளிடம் அவர்கள் சொன்னதோ மிகக் குறைவு. ‘கனவுச்சிறை’யை நெட்ரா ரொட்ரிகோ ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். தமிழ் படிக்கத் தெரியாத அந்தப் பிள்ளைகள், தங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்காத இருபது ஆண்டுகளை அதில் தேடலாம். சமையலறையை எழுதிய பெண்களின் கதைகளுக்கு அப்படியொரு மொழிபெயர்ப்பாளர் இனிமேல்தான் வர வேண்டும்.