பார்க்கில் உட்கார ஒரு டிகிரி

பார்க்கில் போய் உட்கார என்ன படித்திருக்க வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். கால் வலித்தால் போதும். ஆனால், நீங்கள் போகிற நேரத்தில் அங்கே ஒரு பெஞ்ச் இருக்க வேண்டும், அது நிழலில் இருக்க வேண்டும், பக்கத்துக் குழாயில் தண்ணீர் வர வேண்டும் என்றால், யாரோ ஒருவர் நாலு வருடம் படித்திருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன.

தெற்கு கரோலினாவில் இருக்கிற கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு தனித்துறை உண்டு. பூங்கா, பொழுதுபோக்கு, சுற்றுலா மேலாண்மை. பட்டப்படிப்பு மட்டுமில்லை, பிஎச்.டி. வரை போகலாம். முதல்தடவை கேள்விப்பட்டபோது நானும் சிரித்தேன். டாக்டர் ஆஃப் பார்க்! அந்த ஊரிலேயே இது கொஞ்சம் சிரிப்பான விஷயம்தான் போலிருக்கிறது. 2009 முதல் 2015 வரை ஏழு சீசன் ஓடிய ஒரு டி.வி. காமெடித் தொடருக்குப் பெயரே ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’.

நான் பி.காம். எதையும் வரவு, செலவு என்று இரண்டு பத்தியில் எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். பார்க்கை அப்படி எழுதிப் பாருங்களேன். செலவுப் பக்கம்: தண்ணீர், விளக்கு, ஆள் சம்பளம், உடைந்த ஊஞ்சல். வரவுப் பக்கம்: பூஜ்யம். கணக்குப்படி உடனே இழுத்து மூட வேண்டிய கம்பெனி!

இந்தப் படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று பார்த்தேன். சிரிப்பு அடங்கிவிட்டது. பட்ஜெட் போடுவது ஒரு பாடம். சறுக்கு மரத்திலிருந்து குழந்தை விழுந்தால் சட்டப்படி யார் பொறுப்பு என்பது ஒரு பாடம். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் விளையாட்டு வேண்டுமே, அது ஒரு பாடம். ஒரு காட்டுப் பாதை ஒரு நாளைக்கு எத்தனை காலடிகளைத் தாங்கும் என்பது இன்னொன்று. வகுப்பில் படித்தால் மட்டும் போதாது, பூங்காக்களுக்குப் போய் வேலை செய்து காட்டினால்தான் பட்டம்.

சரி, இந்தப் படிப்பு எதற்கு என்பதை ஒரே புத்தகத்தில் புரிந்துகொள்ள முடியுமா? முடியும். அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

புத்தகத்தின் பெயர், ‘தி சோஷியல் லைஃப் ஆஃப் ஸ்மால் அர்பன் ஸ்பேசஸ்’. எழுதியவர் வில்லியம் எச். வொயிட். வெளிவந்தது 1980-ல். ஒல்லியான புத்தகம். ஒரு ரயில் பயணத்தில் படித்துவிடலாம்.

வொயிட் தோட்டக்கலை நிபுணர் இல்லை. கட்டடக்கலை படித்தவரும் இல்லை. பத்திரிகைக்காரர். அதுவும் ‘ஃபார்ச்சூன்’ என்கிற வியாபாரப் பத்திரிகையில் இருந்தவர். (எனக்கு அவரை ஏன் பிடித்தது என்று இப்போது புரிந்திருக்கும்!) 1956-ல் பெரிய கம்பெனிகளின் ஆபீஸ் மனிதர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிப் பிரபலமானவர். அப்புறம் அதே மனிதர்கள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து எங்கே உட்காருகிறார்கள் என்று பார்க்கக் கிளம்பிவிட்டார்.

கதை 1961-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருடம் நியூயார்க் நகரம் ஒரு சட்டம் போட்டது. உயரமான ஆபீஸ் கட்டுகிறவர்கள், கட்டடத்துக்கு முன்னால் பொதுமக்களுக்குக் காலி இடம் விட்டால் சலுகை. ஒரு சதுர அடி இடம் விட்டால், அனுமதித்த அளவுக்கு மேல் பத்து சதுர அடி கட்டிக்கொள்ளலாம். ஒன்றுக்குப் பத்து! எந்த முதலாளிதான் விடுவார்? 1972-க்குள் சுமார் 20 ஏக்கர் காலி இடம் சேர்ந்துவிட்டது. உலகத்திலேயே மிக விலை உயர்ந்த 20 ஏக்கர்.

இடம் கிடைத்தது. ஜனம்தான் வரவில்லை.

சில திறந்தவெளிகளில் உட்கார இடமில்லாமல் நெரிசல். பலவற்றில் ஈ, காக்கா இல்லை. ஏன்? வொயிட்டும் அவரிடம் வேலை பார்த்த மாணவர்களும் மாடிகளில் கேமராவை வைத்து, விட்டு விட்டு எடுக்கிற படமாக நாள் முழுக்கப் பிடித்தார்கள். கையில் நோட்டோடு தலைகளை எண்ணினார்கள். வெயில்தான் காரணம் என்று வொயிட் முதலில் நினைத்தார். இல்லை. இடத்தின் வடிவமா? இல்லை. பரப்பளவா? அதுவும் இல்லை. இப்படி ஒவ்வொரு ஊகமாகத் தோற்றுப்போனதை மறைக்காமல் எழுதுகிறார் பாருங்கள், அங்கேதான் இந்தப் புத்தகம் ஜெயிக்கிறது. பாடப்புத்தகங்கள் விடையை மட்டும் சொல்லும். இவர் தப்பான விடைகளையும் வரிசையாகச் சொல்கிறார்.

கடைசியில் அகப்பட்ட விடை என்ன தெரியுமா? எங்கே உட்கார வசதி இருக்கிறதோ, அங்கே ஜனங்கள் உட்காருகிறார்கள். அவ்வளவுதான்.

‘இதைக் கண்டுபிடிக்க கேமரா வேறயா?’ என்று கேட்காதீர்கள். அந்த 20 ஏக்கரைக் கட்டியவர்கள் அத்தனை பேரும் படித்தவர்கள். அவர்களில் பல பேருக்கு இது தோன்றவில்லையே! சில கட்டடக்காரர்கள் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று திண்ணைச் சுவர்களில் இரும்பு முட்களே பதித்திருந்தார்கள். பொதுமக்களின் பெயரைச் சொல்லிப் பத்து மடங்கு வாங்கிக்கொண்டு, பொதுமக்கள் உட்காருகிற இடத்தில் முள்!

வொயிட்டின் கணக்கு நோட்டு நகரசபைக்குப் போனது. 1975-ல் விதி திருத்தப்பட்டது. இனிமேல் காலி இடம் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஒரு அடி நீளம் உட்காருமிடம் இருந்தே ஆக வேண்டும். ஒரு பத்திரிகைக்காரர் தலை எண்ணியதால் ஒரு நகரத்தின் சட்டம் மாறியது. பொறாமையாக இருக்கிறது.

புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், நகர்த்தக்கூடிய நாற்காலி பற்றிய பகுதி. ஒருவர் வருகிறார். காலியாக இருக்கிற நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போடுகிறார். அப்புறம்தான் உட்காருகிறார். இழுத்ததில் எந்தப் பயனும் இல்லை, சில சமயம் பழைய இடத்துக்கே வந்திருக்கும். ஆனாலும் இழுக்கிறார். இது என் இடம், நான் தேர்ந்தெடுத்தது என்கிற திருப்தி. இன்னொன்று. காதலர்கள் மறைவான மூலையைத் தேடுவார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லையாம். எல்லோரும் பார்க்கிற இடத்தில்தான் ஜோராக உட்கார்ந்திருக்கிறார்கள். பேசிக்கொண்டே வரும் இரண்டு நண்பர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பதில்லை. கூட்டம் போகிற வழியின் நட்டநடுவில்தான் நிற்கிறார்கள். (இதற்கு நியூயார்க் போக வேண்டியதில்லை என்கிறீர்களா? அதுவும் சரிதான்.)

நிறைய இடம் இருந்தால்தான் நல்ல பூங்கா என்பதையும் இந்தப் புத்தகம் உடைக்கிறது. அவர் கொண்டாடுகிற பேலி பார்க், 1967-ல் திறந்தது, மொத்தமே சுமார் 4,200 சதுர அடி. இரண்டு கிரவுண்டுக்கும் குறைவு. ஒரு செயற்கை அருவி, சில மரங்கள், சின்னத் தீனிக் கடை, இழுத்துப் போட்டுக்கொள்ள நாற்காலிகள். தீர்ந்தது.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இப்போது என் பி.காம். மூளை விழித்துக்கொள்கிறது. இரட்டைப் பதிவு முறையில் முதல் பாடம் என்ன? ஒருவர் பெற்றால், இன்னொருவர் கொடுத்திருக்க வேண்டும். வொயிட்டின் நோட்டில் எனக்கு ஒரு பக்கம்தான் தெரிகிறது.

முதல் குறை. அவர் எண்ணியதில் பெரும்பகுதி மன்ஹாட்டன் ஆபீஸ்காரர்கள். அதுவும் வெயில் இதமான நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிறவர், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை, பேரனைத் தூக்கிக்கொண்டு வருகிற பாட்டி இவர்களெல்லாம் பூங்காவுக்கு வருகிறவர்கள் இல்லையா? ஆபீஸ் வாசலில் கண்ட உண்மை குடியிருப்புப் பகுதிக்கு அப்படியே பொருந்தும் என்று ஒரு மாணவர் நம்பிவிட்டால் வம்பு.

இரண்டாவது குறை கொஞ்சம் சங்கடமானது. வீடில்லாதவர்கள், குடிகாரர்கள் வந்துவிடுவார்களே என்கிற பயத்தில் வசதிகளைக் குறைக்காதீர்கள், எல்லோருக்கும் பிடித்த இடமாக ஆக்கிவிட்டால் அவர்கள் பெரும் பிரச்னையாக இருக்க மாட்டார்கள் என்பது வொயிட்டின் வாதம். முள் பதிப்பதைவிட இது நூறு மடங்கு மேல். ஒத்துக்கொள்கிறேன். ஆனால், கூட்டம் வந்ததும் அந்த வீடில்லாதவர் எங்கே போனார்? கேமரா அவர் பின்னால் போகவில்லை.

மூன்றாவது, காசு. போதை மருந்து விற்பவர்களின் கூடாரமாக இருந்த பிரையன்ட் பார்க், வொயிட்டின் யோசனைகளையும் வைத்துக்கொண்டு 1988-ல் மூடிச் சீரமைக்கப்பட்டு, 1992-ல் திறந்தது. புதர் வேலிகள் போயின, வாசல்கள் அகலமாயின, நாற்காலிகள் வந்தன. இன்றைக்கு அது நகரத்தின் செல்லப் பிள்ளை. நடத்துவது ஒரு தனி அமைப்பு. சுற்றியிருக்கிற கட்டடங்கள் தருகிற கட்டணம், உணவகங்களின் வாடகை, விளம்பரதாரர் உதவி... வரவுப் பத்தி நிரம்பி வழிகிறது. ஷாரன் ஜூகின் போன்ற சமூகவியல்காரர்கள் 1990-களிலேயே இதைக் கேள்வி கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சுற்றிலும் வானுயர்ந்த கட்டடமே இல்லாத ஏழைப் பேட்டையின் பூங்காவுக்கு யார் கட்டணம் கட்டுவார்கள்?

பூங்காவின் வரவு பூஜ்யம் என்று ஆரம்பத்தில் எழுதினேன் இல்லையா? அது தப்பு. மாற்றிக்கொள்கிறேன். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஜான் க்ராம்ப்டன் என்கிற பேராசிரியர் இந்தத் துறையில் பெரிய பெயர். பூங்காவை ஒட்டிய வீட்டின் மதிப்பு மற்றவற்றைவிட 20 சதவீதம் கூடுதல் என்பதை ஒரு தொடக்கக் கணக்காக வைத்துக்கொள்ளலாம் என்று 2001-ல் எழுதினார். ஆக, வரவு இருக்கிறது. பூங்காவின் நோட்டில் ஏறவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் நோட்டில் ஏறிவிடுகிறது! சென்ட்ரல் பார்க்கைச் சுற்றியிருந்த நிலத்தின் மதிப்பு 1856-லிருந்து 1873-க்குள் 20 கோடி டாலருக்கு மேல் உயர்ந்ததாக ஒரு கணக்கு உண்டு. அதே பூங்காவுக்காக 1857-ல் செனகா வில்லேஜ் என்கிற ஊர் காலி செய்யப்பட்டது. சுமார் 225 பேர், பெரும்பாலும் கறுப்பின மக்கள். இரட்டைப் பதிவின் மறுபக்கம் இது.

கணக்கு தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியா உதாரணம். 2011-ல் பணமில்லை என்று சொல்லி, மாநிலத்தின் 278 பூங்காக்களில் 70-ஐ மூடப்போவதாக அறிவித்தார்கள். ஜனங்கள் பதறிப்போய் உண்டியல் குலுக்கினார்கள். 2012 ஜூலையில் குட்டு வெளிப்பட்டது. பூங்காத் துறையின் கையில் இருந்த நிதிகளில் சுமார் 5 கோடியே 40 லட்சம் டாலர், கணக்கில் காட்டாமல் தூங்கிக்கொண்டிருந்தது. துறையின் இயக்குநர் பதவி விலகினார். உண்டியலில் காசு போட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? புல் காய்ந்தால் தண்ணீர் விட்டால் போதும். நம்பிக்கை காய்ந்தால் எந்தக் குழாயைத் திறப்பது?

அதனால்தான் சொல்கிறேன், இந்தப் படிப்புக்கு வொயிட்டின் புத்தகம் முதல் செமஸ்டரில் முதல் நாள் படிக்க வேண்டியது. பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. தனக்குத் தோன்றியதைவிட எதிரில் நடப்பதை நம்பச் சொல்கிறது. ஆனால், கடைசி செமஸ்டருக்கு இது மட்டும் போதாது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணத் தெரிந்த மாணவருக்கு, யார் எழுப்பப்பட்டார்கள், யார் காசு கொடுத்தார்கள், யார் லாபம் பார்த்தார்கள் என்றும் எண்ணத் தெரிய வேண்டும். அதற்கு நாலு வருடம் அதிகம் என்று எனக்கு இப்போது தோன்றவில்லை. குறைவோ என்றுதான் தோன்றுகிறது.

வொயிட் 1999-ல் காலமானார். அவருக்கு அஞ்சலி செலுத்த எளிமையான வழி ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை ஒரு பொது இடத்துக்குப் போகும்போது செல்போனைப் பையில் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா பாருங்கள். எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள், யார் வரவே இல்லை.

மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் எழுதக் கஷ்டமாக இருக்கும். எழுதிப் பாருங்கள்.