பெயரைப் பின்தொடரும் கலை

1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தளித்த, தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டொமைன் பெயர் முறையின் சௌந்தரியம், நம் சொந்த இணையதளம் திடீரென்று திறவாமற்போகும் வேளையில்தான் பூரணமாகப் புலப்படுகிறது. 'டிக்' என்னும் சிறு கட்டளையோடு 'டிரேஸ்' என்பதையும் தளத்தின் பெயரையும் சேர்த்துத் தட்டினால், மூல சர்வர்கள் 'டாட் காம்' சர்வர்களைக் காட்ட, அவை நம் தளத்திற்குரிய நேம்சர்வரைக் காட்ட, அது இறுதியில் ஐபி முகவரியை உரைக்க, அதிகாரம் படிப்படியாக ஒப்படைக்கப்படும் கிரமம் முழுவதும் திரையில் வரிவரியாக விரிகிறது. எந்தப் படியில் விடை பிறழ்கிறதோ, அங்கேதான் தோஷத்தைத் தேட வேண்டும். முகவரியைத் திருத்திய பின்னும் பழைய விடையே வருமாயின் பதற்றம் வேண்டா: விடையை நினைவில் வைத்திருக்கும் கால அளவான டிடிஎல் 3600 விநாடி என்றிருந்தால், இடைப்பட்ட சர்வர்கள் ஒரு மணி நேரம்வரை பழையதை நினைவில் வைத்திருக்க உரிமை பெற்றவை. ஆகவே, மாற்றத்திற்கு முன்தினமே டிடிஎல்லை 300 விநாடியாகக் குறைத்துவைப்பது விவேகம். எந்த சர்வரும் முழுப் பட்டியலையும் சுமக்காமல், தன் பங்கை மட்டும் அறிந்தே உலகம் முழுவதற்கும் வழி சொல்லும் இவ்வேற்பாடு, மானிட புத்தியின் உன்னத சிருஷ்டிகளுள் ஒன்று.