கோப்பை இல்லாத ஊரின் செல்லப்பிள்ளைகள்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் மொத்தம் 30 அணிகள். அவற்றில் உலகத் தொடரில் ஒருமுறைகூட ஆடாத அணி ஒன்றே ஒன்று: சியாட்டில் மரைனர்ஸ். 1977-ல் பிறந்த இந்த அணி, 2025-ல் இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும் என்ற நிலையில் டொராண்டோவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்று ஊர் திரும்பியது. மற்ற ஊர் ரசிகர்கள் தங்களுக்கு மிகப் பிடித்த ஆட்டக்காரர்களைப் பட்டியல் போட்டால், கோப்பை வாங்கித் தந்தவர்கள் தாமாகவே முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். சியாட்டில்காரர்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. கோப்பையைப் பார்க்க வழியில்லாமல் ஆளைப் பார்த்தே ரசித்துப் பழகிவிட்டார்கள். மட்டை பிடிக்கிற விதம், தொப்பி வைக்கிற கோணம், ஓடத் தொடங்குகிற முதல் அடி எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

முதலில் வரும் பெயர் பெரும்பாலும் கென் கிரிஃபி ஜூனியர். 1989-ல் பத்தொன்பது வயதில் வந்தார். அடுத்த வருடம் அவருடைய அப்பாவும் அதே அணியில் வந்து சேர்ந்தார். 1990 செப்டம்பர் 14 அன்று அப்பா ஒரு ஹோம் ரன் அடிக்க, அடுத்த ஆளாக வந்த மகனும் ஒன்று அடித்தார். புள்ளிவிவரப் புத்தகம் கிரிஃபியைப் பற்றி 630 ஹோம் ரன் என்று சொல்லும். ரசிகரைக் கேட்டால் அவர் நின்ற நிலையைச் சொல்வார். இடக்கை ஆட்டக்காரர், நிமிர்ந்து, தோளில் இறுக்கமே இல்லாமல் நிற்பார். மட்டையின் நுனி மட்டும் லேசாக ஆடும். பந்து வந்ததும் இடுப்பு திரும்ப, மட்டை கீழிருந்து மேலாக வளைந்து போய் உயரத்தில் முடியும். பலசாலிகள் முகத்தில் தெரிகிற முக்கல் முனகல் எதுவும் அவரிடம் இராது. அடித்தவுடன் ஓடவும் மாட்டார். பந்து போகிற பாதையைப் பார்த்தபடி இரண்டு அடி நடப்பார். திமிர் என்றார்கள் சிலர். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டதையும் அப்படித்தான் சொன்னார்கள். சின்ன வயதில் அப்பாவின் பெரிய தொப்பியைப் போட்டால் கண்ணை மறைக்கும், அதனால் வந்த பழக்கம் என்று அவரே விளக்கியிருக்கிறார்.

இச்சிரோ சுசுகி விஷயத்தில் அழகு பந்து வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். வலக்கையில் மட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, பந்து வீசுபவரை நோக்கி நீட்டுவார். இடக்கை விரல்கள் வலது தோளின் சட்டையை மெல்ல இழுத்துவிடும். ஜபத்துக்கு உட்கார்ந்தவர் போல அத்தனை நிதானம். பிறகு ஒரே கணத்தில் வேறு ஆள். மட்டை பந்தைத் தொடும்போதே உடம்பு முதல் பேஸ் பக்கம் நகர்ந்திருக்கும். 2004-ல் அவர் 262 ஹிட் எடுத்து, 1920 முதல் நின்றிருந்த ஜார்ஜ் சிஸ்லரின் 257 என்ற சாதனையைக் கடந்தார். அதில் 225 வெறும் ஒற்றை அடிகள்! எல்லோரும் அரங்கின் மேல்தளத்தைக் குறிபார்த்த காலத்தில், இவர் இரண்டு பேருக்கு நடுவே கிடக்கும் சந்தைக் குறிபார்த்தார்.

சியாட்டிலுக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது 51-ம் எண் சட்டை. அதற்கு முன் அதை அணிந்தவர் ராண்டி ஜான்சன். ஆறடி பத்து அங்குல உயரம், பந்து வந்தாலே எதிரணி நடுங்கும். அந்த எண்ணுக்கு அவமானம் வராமல் பார்த்துக்கொள்வேன் என்று இச்சிரோ அவருக்குச் செய்தி அனுப்பினார். 2025-ல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வில் 394 ஓட்டில் 393 இச்சிரோவுக்கு விழுந்தது. மீதி ஒன்றைப் போடாத புண்ணியவானை சியாட்டில் இன்னும் மன்னிக்கத் தயாராக இல்லை.

ஜே பூனரைப் பிடிக்கும் என்பவர்கள் தனி ஜாதி. மொட்டைத் தலை அவருடைய அடையாளம் என்பதால், மொட்டை அடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இலவச அனுமதி என்று அணி நிர்வாகம் ஒரு நாள் வைத்தது. வாசலில் வரிசையாக நாற்காலி போட்டுச் சிரைத்தார்கள்.

ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் மீதான அன்பில் கொஞ்சம் பரிதாபமும் கலந்திருக்கிறது. பந்துவீச்சாளர்களுக்கான மிக உயர்ந்த சை யங் விருதை அவர் 2010-ல் வாங்கினார். அந்த வருடம் அவர் கணக்கில் 13 வெற்றி, 12 தோல்வி. அவர் பிரமாதமாக வீசுவார், அணி ரன் எடுக்காது. 2012 ஆகஸ்ட் 15 அன்று டாம்பா பே அணியின் 27 பேரையும் ஒருவர் விடாமல் வரிசையாக அவுட்டாக்கினார். அன்றும் அணி கொடுத்தது ஒரே ஒரு ரன்தான். அவர் வீசும் நாட்களில் இடப்பக்க மூலையில் ஒரு கூட்டம் மஞ்சள் பனியன் போட்டு உட்கார்ந்து, ஸ்ட்ரைக் அவுட்டைக் குறிக்கும் 'கே' என்ற எழுத்துள்ள அட்டைகளைத் தூக்கிப் பிடிக்கும். பதினைந்து சீசன் ஆடியும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில்கூட அவர் வீச வாய்க்கவில்லை.

எட்கர் மார்ட்டினெஸ் கதை இவற்றிலிருந்து விலகி நிற்பது. ஓட்டத்தில் வேகம் இல்லை, பேச்சில் ஆரவாரம் இல்லை. ஒரு கண் நேர்க்கோட்டிலிருந்து விலகிப்போகும் மாறுகண் கோளாறு வேறு. வருகிற பந்தின் தூரத்தைக் கணிக்க இரண்டு கண்ணும் ஒன்றுசேர வேண்டிய தொழிலில், ஆட்டத்துக்கு முன் கண் பயிற்சி செய்துவிட்டே மைதானத்தில் இறங்குவார். இப்படிப்பட்டவர் 18 சீசனில் 0.312 சராசரி வைத்திருக்கிறார்.

1995 அக்டோபர் 8, கிங்டோம் மைதானம். நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான பிளேஆஃப் தொடரில் முடிவு தெரியவேண்டிய ஐந்தாவது ஆட்டம். 11-வது இன்னிங்ஸில் சியாட்டில் ஒரு ரன் பின்தங்கியிருந்தது. மூன்றாம் பேஸில் ஜோயி கோரா, முதல் பேஸில் கிரிஃபி. எட்கர் அடித்த பந்து இடப்பக்கக் கோட்டை ஒட்டிப் போய் மூலைக்கு ஓடியது. கோரா வந்துவிட்டார், ஆட்டம் சமம். கிரிஃபி மூன்றாம் பேஸில் நின்றிருந்தாலே யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் நிற்காமல் திரும்பி ஓடிவந்து சறுக்கி விழுந்தார். சக ஆட்டக்காரர்கள் அவர் மேல் குவிந்தார்கள். குவியலுக்கு அடியில் கிரிஃபி சிரித்த சிரிப்பு படமாகப் பிரபலமானது. அடித்த மனிதரோ அப்போது இரண்டாம் பேஸ் பக்கம். புதிய மைதானத்துக்கான வரியை வாக்காளர்கள் அதற்கு முந்தைய மாதம்தான் நிராகரித்திருந்தார்கள், அணி வேறு ஊருக்குப் போய்விடும் என்ற பேச்சு பலமாக இருந்தது. அந்த அக்டோபரிலேயே மாநிலச் சட்டமன்றம் பணத்துக்கு வழி செய்தது. 1999-ல் திறந்த அந்த மைதானத்தை ஒட்டிய சாலைக்கு இன்று எட்கர் பெயர்.

இவ்வளவு இருந்தும், களத்தடுப்பு செய்யாமல் மட்டை மட்டும் பிடித்த ஆள் என்று சொல்லி ஹால் ஆஃப் ஃபேம் அவரை வருடக்கணக்கில் வெளியே நிறுத்தியது. பத்தாவது முறை, அதாவது கடைசி வாய்ப்பில், 2019-ல்தான் உள்ளே விட்டது.

2025-ல் கால் ராலி 60 ஹோம் ரன் அடித்து கிரிஃபியின் 56-ஐத் தாண்டிவிட்டார். இனி வளரும் பிள்ளைகள் தங்கள் பட்டியலை அவரிலிருந்து தொடங்குவார்கள், தொடங்கட்டும். கிரிஃபியைவிட எட்கர் பெரிய ஆட்டக்காரர் என்று நான் வாதாடமாட்டேன். பெரியவர் யார் என்பது ஒரு கேள்வி, பிடித்தவர் யார் என்பது வேறு கேள்வி. கிரிஃபி 2000-ல் சின்சினாட்டிக்குப் போனார், இச்சிரோ 2012-ல் நியூயார்க்குக்குப் போனார். இருவரும் பிறகு திரும்பி வந்தார்கள் என்பது உண்மைதான். எட்கர் போகவே இல்லை. என் ஓட்டு அவருக்கு.