'அண்ணன்' என்ற சொல்லும் பேரணியில் ஆணின் இடமும்

பெண்கள் மீதான வன்முறையைக் கண்டிக்கும் பேரணிகளில் ஆண்கள் கலந்துகொள்வது தமிழகத்தில் புதிதல்ல. 2019 மார்ச்சில் பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை மாநிலத்தையே உலுக்கியபோது மாணவியரோடு மாணவர்களும் வகுப்புகளைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தனர். பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் மூன்றும் ஒரே ரயில் பாதையில் உள்ள ஊர்கள். கொடைக்கானல் உள்ள பழனிமலை வட்டாரத்துக்குப் பொள்ளாச்சிக் கொடுமை அடுத்த வீட்டுச் சேதி.

ஆண்கள் வருவதன் முதல் பயன், "அது பொம்பளைங்க விவகாரம்" என்று ஒதுக்கும் பேச்சு எடுபடாமல் போவது. டீக்கடை, ஜீப் ஸ்டாண்டு, சங்க அலுவலகம் என்று பெண்ணின் குரல் எளிதில் நுழையாத இடங்களுக்கு வன்முறைக்கு எதிரான பேச்சை ஓர் ஆணால் கொண்டுபோக முடியும். 1989இல் மான்ட்ரியல் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பின், 1991இல் கனடிய ஆண்கள் சிலர் தொடங்கிய வெள்ளை ரிப்பன் இயக்கத்தின் அடிப்படை இதுதான். வன்முறை செய்யமாட்டேன், அதைப் பொறுத்துக்கொள்ளமாட்டேன், கண்டும் வாய்மூடி இருக்கமாட்டேன் என்பது அவர்கள் எடுத்த உறுதி. மும்பையில் 1993இல் உருவான 'மாவா' அமைப்பும் ஆண்களிடமே பேசுவதைத் தன் வேலையாக வைத்துக்கொண்டது. மூன்று உறுதிகளில் கடைசியே கடினமானது. ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு நொடி போதும். கூடவே வேலை செய்யும் நண்பனை நிறுத்திக் கேட்பதற்கு ஒரு நட்பையே விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பழுது பெரும்பாலும் மேடையில் தொடங்குகிறது. ஆண் பேச்சாளர் மைக்கைப் பிடித்தால் வழக்கமாக வருவது "நம் சகோதரிகளைக் காப்போம்" என்ற முழக்கம். பொள்ளாச்சி வழக்கில் பரவிய காணொலிப் பதிவில் பாதிக்கப்பட்ட பெண் தன்னைத் தாக்கியவனை 'அண்ணா' என்று அழைத்தே கெஞ்சினார். உறவுச் சொல் அங்கே எந்தக் கையையும் தடுக்கவில்லை. காவலன் வேடத்துக்கு இன்னொரு முகமும் உண்டு: காப்பவரே அடுத்த நாள் செல்போனை வாங்கிப் பார்ப்பார், எத்தனை மணிக்கு வீடு திரும்பினாய் என்று கேட்பார். பொள்ளாச்சிச் சேதி வந்த நாட்களில் பெண் பிள்ளைகளுக்கு வந்து குவிந்த அறிவுரைகளும் இந்த வகையே. ஆத்திரப்பட்ட ஆண்கள் பலர் அந்தப் பதிவை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தது இன்னும் மோசம். நோக்கம் கண்டனம்தான், ஆனால் ஒவ்வொரு பகிர்வும் அந்தப் பெண்ணை மறுபடி அம்பலப்படுத்தியது. புகார் கொடுத்த பெண்ணின் பெயரை அரசுத் தரப்பே வெளியிட்டதற்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்ததற்கு, பிறழாமல் சாட்சி சொன்ன பெண்களின் உறுதி ஒரு முக்கியக் காரணம்.

முழக்கத்தைத் தாண்டிய வேலை எது என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்தின் ஆடைத் தொழில் காட்டுகிறது. 2021 ஜனவரியில் ஆடை ஆலை ஒன்றின் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டார். அதே ஆலையின் ஆண் மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியதன் விளைவாக, 2022 ஏப்ரலில் ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. பாலின வன்முறையும் சாதிப் பாகுபாடும் அதில் சேர்த்தே எழுதப்பட்டன. தொழிலாளர்களிலிருந்தே தளக் கண்காணிப்பாளர்கள் வந்தனர். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் விதியானது. இங்கே ஆணிடம் கேட்கப்படுவது பேச்சு அல்ல. தையல் வரிசையில் பெண்ணைக் கேவலமாகத் திட்டுவதை நிறுத்துவது, கண்டதை விசாரணையில் சொல்வது, பெண் தலைவர் எடுத்த முடிவுக்குக் கட்டுப்படுவது. பேரணியில் கத்துவதைவிட இது சுவாரசியம் குறைந்த வேலை. அதனால்தான் இதற்கு ஆள் குறைவு.

துணை நிற்பவரின் எல்லை எது என்பதற்குக் கொடைக்கானலிலேயே ஒரு பழைய பாடம் உண்டு, ஆண் பெண் இடம் மாறி. 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசப் பிரச்சினையை 2015இல் உலகம் முழுக்கக் கொண்டுபோனது சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண்ணின் ராப் பாடல். ஆனால் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாட்டில் ஒரு தரப்பாக இருந்தது ஆலைத் தொழிலாளர்களின் சங்கம். குரலுக்கு வலுச் சேர்த்தவர் வேறு, உடன்பாடு கண்டவர்கள் வேறு. பெண்கள் பேரணியில் ஆண்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருப்பதால் கொடைக்கானல் நகரில் மாணவியர் பேரணிக்குக் கூடுவது எளிது. மலைக் கிராமங்களான மன்னவனூர், பூம்பாறை பக்கத்துப் பெண்களுக்கு அப்படியில்லை. பூண்டு, கேரட் காட்டில் ஒருநாள் கூலி போகும், கடைசிப் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், அடுப்பும் குழந்தையும் மாடும் வீட்டில் காத்திருக்கும். பேரணி நாளில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கணவனும், வாடகை கேட்காமல் ஜீப் ஓட்டும் அண்டை வீட்டுக்காரரும் பேரணிப் புகைப்படத்தில் இருக்கமாட்டார்கள்; பந்தலுக்கு வந்து மாலை வாங்கிக்கொண்ட பிரமுகர் இருப்பார்.